மதகில் பிடிக்கும் வரி: கலிஃபோர்னியாவில் சிகரெட்டும் கடை உரிமமும்

கலிஃபோர்னியாவில் ஒரு சிகரெட் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், அடிப்பக்கத்தில், கண்ணாடித் தாளின்மேல் சின்னதாக ஒரு முத்திரை ஒட்டியிருப்பது தெரியும். புகைப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த முத்திரையின் மதிப்பு 2 டாலர் 87 சென்ட். அந்தப் பாக்கெட்டுக்கு மாநில வரி கட்டியாகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

வரி போடுவது எளிது. சட்டமன்றத்தில் ஒரு மசோதா, அல்லது கலிஃபோர்னியாவில் அடிக்கடி நடப்பதுபோல நேரடியாக மக்களிடமே ஒரு வாக்கெடுப்பு. போட்ட வரி வந்து சேர்கிறதா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சிகரெட் வரி வேறு, சட்டம் வேறு. ஆனாலும் வரியை வசூலிக்கும் ஏற்பாட்டின் அடிப்படை பல மாநிலங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதனால் கலிஃபோர்னியா ஒன்றை நன்றாகப் பார்த்துவிட்டால் மற்றவையும் ஓரளவு பிடிபடும்.

முதலில் அந்த 2.87 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1959-இல் ஒரு பாக்கெட்டுக்கு 3 சென்ட் என்று தொடங்கியது. 1967-இல் 10 சென்ட். 1988-இல் மக்கள் வாக்கெடுப்பில் 99-ஆம் முன்மொழிவு வென்று 25 சென்ட் கூடியது. புகையிலைக்கு எதிரான பிரச்சாரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கியது அதுதான். பிறகு மார்பகப் புற்றுநோய் நிதிக்காக 2 சென்ட். 1998-இல் 10-ஆம் முன்மொழிவு சிறு குழந்தைகளின் நலத்திட்டங்களுக்காக 50 சென்ட் சேர்த்தது. ஆக மொத்தம் 87 சென்ட். 2016 நவம்பரில் 56-ஆம் முன்மொழிவு வென்று, 2017 ஏப்ரல் 1 முதல் ஒரே அடியாக 2 டாலர் ஏறியது. இது மாநில வரி மட்டும்தான். மத்திய அரசின் வரி தனியாக 1 டாலர் 1 சென்ட். கடையில் வாங்கும்போது இவற்றின்மேல் விற்பனை வரியும் உண்டு.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த வியாபாரத்தில் சிகரெட் பெரிய அட்டைப்பெட்டியாக வரும். ஒரு பெட்டியில் 60 கார்ட்டன், ஒரு கார்ட்டனில் 10 பாக்கெட். மொத்தம் 600 பாக்கெட். ஒரு பெட்டிக்கு மாநில வரி மட்டுமே 1,722 டாலர். காரின் டிக்கியில் இப்படி இரண்டு மூன்று பெட்டிகளை வைக்க இடமிருக்கும். பக்கத்து மாநிலமான நெவாடாவில் பாக்கெட்டுக்கு வரி 1.80, அரிசோனாவில் 2 டாலர். நாட்டின் நடுவிலிருக்கும் மிசௌரியில் வெறும் 17 சென்ட். ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வரியைக் கட்டாமல் விற்றால் என்ன, அரசுக்குக் கொஞ்சம் பணம் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வரியின் முதல் நோக்கமே விலையை ஏற்றி ஆட்களைப் புகைப்பதிலிருந்து விலக வைப்பது. விலை ஏறும்போது முதலில் விலகுபவர்கள் கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்கள். தெருமுனைக் கடையில் வரி கட்டாத பாக்கெட் மலிவாகக் கிடைத்தால், அந்தத் தடுப்பு அவர்கள் விஷயத்தில்தான் முதலில் உடைகிறது. அப்புறம், ஒழுங்காக வரி கட்டிய சரக்கை மட்டும் விற்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அதே தெருவில் இன்னொரு கடை இரண்டு டாலர் குறைத்து விற்றால் அவர் என்ன செய்வார்? நேர்மையாக இருப்பதற்கு அவர் தினமும் அபராதம் கட்டுவது போலத்தான் அது.

மதகும் வயலும்

ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் போய் அளக்க முடியாது. மதகில் நின்று அளக்கலாம். சிகரெட் வரியின் அடிப்படை யோசனையும் இதுதான். புகைப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், கடைகள் பல்லாயிரம் இருக்கின்றன. ஆனால் தொழிற்சாலையிலிருந்து சரக்கை எடுத்துக் கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் அனுப்பும் விநியோகஸ்தர்கள் அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பேர்தான். ஆகவே சட்டம் அங்கேதான் வரியைப் பிடிக்கிறது. கடைசியில் அந்தச் சுமையை ஏற்பவர் புகைப்பவர்தான். ஆனால் அரசின் கையில் பணத்தை வைப்பவர் விநியோகஸ்தர்.

அவர் பணத்தைக் கட்டும் முறைதான் அந்த முத்திரை. மாநில வரித் துறையிடமிருந்து முத்திரைகளைச் சுருள் சுருளாக விலைக்கு வாங்க வேண்டும். கிடங்கில் இயந்திரத்தை வைத்துப் பாக்கெட் பாக்கெட்டாக ஒட்டிய பிறகுதான் சரக்கு கடைக்குப் போகலாம். ஒட்டும் செலவுக்காக முத்திரை விலையில் ஒரு சிறு தள்ளுபடி தருவார்கள். ஈட்டுத்தொகை வைத்தால் கடனுக்கும் முத்திரை கிடைக்கும். மாதாமாதம் எத்தனை முத்திரை வாங்கினேன், எத்தனை ஒட்டினேன், எத்தனை கையில் இருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். வந்த பாக்கெட்டுகளும் போன முத்திரைகளும் பொருந்தவில்லையென்றால் அந்த வித்தியாசத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய முத்திரைகளைக் கள்ளத்தனமாக அச்சடிப்பது அவ்வளவு கடினமாக இல்லை. 2002-இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, 2005-இல் கலிஃபோர்னியா மறைகுறியீடு கொண்ட புதிய முத்திரையைக் கொண்டுவந்தது. அமெரிக்க மாநிலங்களில் அதை முதலில் செய்தது கலிஃபோர்னியாதான். அந்த முத்திரைக்குள்ளேயே அதை எந்த விநியோகஸ்தர் ஒட்டினார், எப்போது, அதன் மதிப்பு என்ன என்ற விவரங்கள் பதிந்திருக்கும். ஆய்வாளர் கையில் உள்ள ஸ்கேனரைக் காட்டினால் படித்துவிடலாம். போலி முத்திரை தயாரிப்பது கடுங்குற்றம், வைத்திருப்பதும் குற்றம்தான். ஆனால் எல்லா மாநிலமும் முத்திரை ஒட்டச் சொல்வதில்லை. வட கரோலினா, தென் கரோலினா, வட டகோட்டா ஆகிய மூன்றிலும் அது கிடையாது. கடத்தல்காரர்களுக்கு இது வசதி. முத்திரையே இல்லாத மாநிலத்தில் வாங்கிய பாக்கெட்டில் கிழித்து எடுக்க எதுவும் இல்லையே!

உரிமம் எதற்கு?

மதகில் சரியாக அளந்துவிட்டால் போதாதா, கடைக்காரருக்கு எதற்குத் தனி உரிமம்? 2003 வரைக்கும் கலிஃபோர்னியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பொதுவான விற்பனை அனுமதி உள்ள எவரும் சிகரெட் விற்கலாம். யார் யார் விற்கிறார்கள் என்ற தனிப் பட்டியல்கூட மாநிலத்திடம் இல்லை. மதகைத் தாண்டி வேறு வழியாக வரும் தண்ணீரை மதகில் நிற்பவர் எப்படிப் பார்ப்பார்? அது வயலில் வந்து சேரும்போதுதான் தெரியும். வயல் எது என்றே தெரியாவிட்டால்?

அதனால்தான் 2003-இல் சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் உரிமச் சட்டம் வந்தது. 2004 முதல் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று சங்கிலியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமம் கட்டாயமானது. உரிமம் ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் தருவதில்லை, கடைக்கு ஒன்று. மூன்று இடத்தில் கடை வைத்திருந்தால் மூன்று உரிமம். வருபவர் கண்ணில் படும்படி அதைக் கடையில் மாட்டி வைக்க வேண்டும். கடையை விற்றால் உரிமம் கூடவே போகாது; வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு கடையின் உரிமத்தை ரத்து செய்தால் மறுநாளே அதை மைத்துனர் பெயருக்கு மாற்றிப் புதிய உரிமம் கேட்பது உலகம் முழுக்கத் தெரிந்த தந்திரம். அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டில் உரிமம் ரத்தான ஓர் இடத்துக்குப் புதிய உரிமம் கேட்டால், அது உண்மையிலேயே சம்பந்தமில்லாத ஒருவருக்குச் சந்தை விலையில் கைமாறியது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் கிடைக்காது.

உரிமத்தோடு வரும் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: உரிமம் உள்ளவரிடம் மட்டுமே வாங்க வேண்டும், மறுபடி விற்பதற்கு என்றால் உரிமம் உள்ளவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் விநியோகஸ்தரிடமோ மொத்த வியாபாரியிடமோதான் வாங்கலாம். சனிக்கிழமை இரவு சரக்கு தீர்ந்துவிட்டது என்று நண்பரின் கடையிலிருந்து இரண்டு கார்ட்டன் வாங்கி வந்தால் அதுவும் மீறல்தான். நல்லெண்ணத்தில் செய்தது என்று சொன்னாலும் நிற்காது. இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் கடைக்காரர்கள் நிறைய. மூலைக்கடைகளை நடத்துபவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறி வந்தவர்கள். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்குவது அவர்கள் வளர்ந்த ஊர்களில் சாதாரண விஷயம். கடை தொடங்கும் முதல் நாளே அவர்களுடைய மொழியில் இதை யாராவது சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ அபராதங்கள் மிச்சமாகும் என்று நினைக்கிறேன்.

பில்தான் உயிர்

சிகரெட் பாக்கெட்டுக்கு முத்திரை உண்டு. சுருட்டு, ஹூக்கா புகையிலை, மெல்லும் புகையிலை ஆகியவற்றுக்கு? அவற்றில் முத்திரை எதுவும் கிடையாது. வரி உண்டு, அதுவும் பெரிய வரி. ஆனால் பொருளைப் பார்த்து வரி கட்டியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேனர் அங்கே உதவாது.

அங்கே இருக்கும் ஒரே சாட்சி பில். அதனால்தான் பில்லைப் பற்றிச் சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறது. விற்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், உரிம எண் அதில் இருக்க வேண்டும். வாங்குபவரின் உரிம எண்ணும் தேதியும் வேண்டும். ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக விலையோடு வர வேண்டும். கலிஃபோர்னியாவின் புகையிலை வரி முழுவதும் இந்தத் தொகையில் அடங்கியிருக்கிறது என்ற வாசகமும் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு அந்தப் பில் அதே கடையில் இருக்க வேண்டும். கணக்கர் அலுவலகத்தில் இருக்கிறது, வீட்டில் இருக்கிறது என்று சொல்லக் கூடாது. அதற்குப் பிறகும் மொத்தம் நான்கு ஆண்டுகள் வரை எங்காவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஏன் அதே கடையில்? இப்படி நினைத்துப் பாருங்கள். ஒருவர் வேனில் வந்து, ‘நல்ல சுருட்டு, பத்துப் பெட்டி இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன், பணமாகக் கொடுங்கள்’ என்கிறார். கடைக்காரர் வாங்கி அலமாரியில் அடுக்கிவிடுகிறார். ஒரு வாரம் கழித்து ஆய்வாளர் வருகிறார். பில்லை வீட்டிலிருந்து எடுத்து வருகிறேன் என்று இரண்டு நாள் அவகாசம் கிடைத்தால், அந்த இரண்டு நாளில் ஒரு பில் ‘பிறந்துவிடும்’. அதே நிமிடத்தில், அதே இடத்தில் காட்டச் சொன்னால் பிறக்க நேரமில்லை. சரக்கும் காகிதமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற அந்த ஒரு விதியில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது என்பது என் கருத்து. முத்திரையைவிட, ஸ்கேனரைவிட எனக்கு இது முக்கியமாகத் தோன்றுகிறது.

இந்தப் பொருட்களுக்கான வரி கணக்கிடும் முறையும் தனி. சிகரெட்டுக்குப் பாக்கெட்டுக்கு இத்தனை சென்ட் என்று நிலையான தொகை. மற்றவற்றுக்கு மொத்த விலையில் இத்தனை சதவீதம். சிகரெட்டின் மேல் விழும் வரிச் சுமைக்குச் சமமாக இருக்கும்படி அந்தச் சதவீதத்தை ஒவ்வொரு ஆண்டும் வரித் துறை புதிதாகக் கணக்கிடும். 2017-18-இல் அது 65.08 சதவீதம், 2020-21-இல் 56.93. வரியைக் குறைக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. சிகரெட் நிறுவனங்கள் தங்கள் விலையை ஏற்ற ஏற்ற, 2.87 டாலர் அந்த விலையில் சிறிய பங்காகிக்கொண்டே போனது, அவ்வளவுதான்.

வரி சதவீதமாக இருப்பதால் புதிய ஏமாற்று வேலை ஒன்றும் பிறக்கிறது. நூறு டாலர் சரக்குக்கு அறுபது டாலர் என்று பில் போட்டால் வரியும் குறையும். மீதி நாற்பதைப் பணமாகக் கைமாற்றிக்கொள்ளலாம். சிகரெட்டில் இது நடக்காது, எண்ணினால் போதும். சுருட்டில் எண்ணிக்கை உதவாது. விலை உண்மையா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தணிக்கையாளர் இரண்டு பக்கக் கணக்குகளையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அலமாரியை ஆய்வு செய்வதைப்போல அரை மணி நேரத்தில் முடியும் வேலை இல்லை இது.

ஆய்வாளர் வரும்போது

சட்டத்தை நடைமுறைப்படுத்துவது கலிஃபோர்னியா வரி மற்றும் கட்டண நிர்வாகத் துறை. 2017 ஜூலை வரை இந்த வேலை வேறொரு பழைய வாரியத்திடம் இருந்தது. அந்த ஆண்டுதான் புதிய துறை பிறந்தது. அதன் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வருவார்கள். கடை வழக்கமாகத் திறந்திருக்கும் நேரத்தில், 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் போகாமல் ஆய்வு செய்யலாம். அலமாரி மட்டுமல்ல, பின்னறை, கிடங்கு, சரக்கு வைக்கும் எந்த இடத்தையும் பார்க்கலாம். பார்க்க விடமாட்டேன் என்று தடுப்பதே தனிக் குற்றம்.

வந்தவர் முதலில் சுவரில் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பாக்கெட்டுகளைத் திருப்பி முத்திரையைப் பார்ப்பார். அப்புறம் பில் கேட்பார், பில்லில் உள்ள பொருட்களை அலமாரியோடு ஒப்பிடுவார். முத்திரை இல்லாத பாக்கெட்டும், பில் காட்ட முடியாத புகையிலையும் அங்கேயே பறிமுதல். கடைக்காரர் மனுப் போட்டு, வரி கட்டிய சரக்குதான் என்று நிரூபித்தால் திருப்பிக் கிடைக்கும். இல்லையென்றால் அரசுக்குச் சொந்தம்.

தண்டனையில் 20 பாக்கெட் என்ற எண் ஒரு கோடு போல நிற்கிறது. முத்திரையில்லாத பாக்கெட் 20-க்குக் கீழே இருந்து முதல் முறை பிடிபட்டால் 1,000 டாலர் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் அபராதம் கூடும். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் அபராதத்தோடு உரிமமும் போகும். உரிமமே இல்லாமல் விற்பது தனிக் குற்றம். அதற்கு 5,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

இதில் கடைக்காரர் உண்மையில் பயப்படுவது அபராதத்துக்கா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆயிரம் டாலரைச் சமாளித்துவிடலாம். உரிமம் போனால் சிகரெட் மட்டும் நிற்காது. சிகரெட் வாங்க வருபவர் கூடவே வாங்கும் காபி, தண்ணீர் பாட்டில், லாட்டரிச் சீட்டு எல்லாம் நிற்கும். உரிமத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பலத்தை மாநிலம் வேறு நோக்கங்களுக்கும் பயன்படுத்துகிறது. சிறுவர்களுக்குப் புகையிலை கிடைப்பதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டம் வந்தது. 2016 ஜூன் 9 முதல் வயது வரம்பு 18-இலிருந்து 21 ஆனது. 2019 டிசம்பரில் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் அதையே கொண்டுவந்தது. வயது குறைந்த ஒருவரை அதிகாரிகளே கடைக்குள் அனுப்பிச் சிகரெட் கேட்கச் சொல்வார்கள். அடையாள அட்டை கேட்காமல் கொடுத்தால் கடைக்கு அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மூன்றாவது முறை என்றால் உரிமம் 45 நாள் நிறுத்தம், நான்காவது என்றால் 90 நாள், ஐந்தாவது என்றால் ரத்து. பாக்கெட்டைப் பிரித்து ஒற்றை சிகரெட் விற்பதற்கும் தடை. சிறுவன் கையில் இருக்கும் காசுக்கு ஒரு பாக்கெட் எட்டாது, ஒற்றை சிகரெட் எட்டும்.

உள்ளூர் உரிமங்களும் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் மாநில உரிமத்துக்கு மேல் தங்கள் அனுமதியையும் கேட்கின்றன. 2014-இல் அந்த நகரம் தன் நகர மன்றத் தொகுதி ஒவ்வொன்றிலும் 45 கடைகளுக்கு மேல் புகையிலை அனுமதி கிடையாது என்று வரம்பு வைத்தது. பெவர்லி ஹில்ஸ் 2021 முதல் புகையிலை விற்பனையையே ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது.

மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் வைத்திருக்கும் பட்டியலையும் சொல்ல வேண்டும். 1998-இல் பெரிய சிகரெட் நிறுவனங்கள் 46 மாநிலங்களோடு ஒப்பந்தம் செய்து, ஆண்டுதோறும் பணம் கட்ட ஒப்புக்கொண்டன. அதில் சேராத சிறு நிறுவனங்கள் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்த நிறுவனங்களின் பிராண்டுகள் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாத பிராண்டுக்கு விநியோகஸ்தர் முத்திரை ஒட்டக் கூடாது.

ஒழுகும் இடங்கள்

மாநில எல்லைக்குள் இருக்கும் கடையை மாநிலம் பார்க்கலாம். இணையத்தில் விற்பவர் எங்கேயோ இருக்கிறார். பல ஆண்டுகள் இது பெரிய ஓட்டையாக இருந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெளிமாநில விற்பனையாளர்கள் வாங்கியவர் விவரத்தை அந்த மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது, பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை. 2010 மார்ச்சில் கையெழுத்தான மத்தியச் சட்டம் சிகரெட்டை அமெரிக்கத் தபால் துறை வழியாக அனுப்புவதையே நிறுத்தியது. விற்பவர் ஒவ்வொரு மாநிலத்திலும் பதிவு செய்து, அந்த மாநில வரியைக் கட்டி, மாதந்தோறும் அறிக்கை தர வேண்டும். கடத்தலுக்கு ஏற்கெனவே 1978-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. மாநில வரி கட்டாத 10,000 சிகரெட்டுக்கு மேல் வைத்திருந்தால் அது மத்திய அரசின் குற்றவியல் வழக்கு. முதலில் சொன்ன அட்டைப்பெட்டி ஒன்றில் இருப்பது 12,000. ஆக ஒரே பெட்டி போதும்.

இதைவிடச் சிக்கலானது பழங்குடியினரின் நிலம். அமெரிக்கச் சட்டத்தில் பழங்குடி இனங்கள் தனித்தன்மை கொண்ட அரசுகள். தங்கள் நிலத்தில் தங்கள் உறுப்பினருக்கு விற்கும் சிகரெட்டுக்கு மாநிலம் வரி போட முடியாது. வெளியார் அங்கே வந்து வாங்கினால்? 1980-இல் வாஷிங்டன் மாநில வழக்கில், வெளியாருக்கு விற்பதற்கு மாநில வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1985-இல் கலிஃபோர்னியாவின் வரிக்கும் அதுவே பொருந்தும் என்றது. 1991-இல் ஓக்லஹோமா வழக்கில் ஒரு திருப்பம்: வரி உண்டு, ஆனால் அதைக் கேட்டுப் பழங்குடி அரசின் மேல் மாநிலம் வழக்குப் போட முடியாது. அப்படியானால் எப்படி வசூலிப்பது? அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரியிடம் வசூலிக்கலாம், அல்லது உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றது நீதிமன்றம். மறுபடியும் மதகுக்கே வந்து சேர்கிறோம். பல மாநிலங்கள் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டன. தங்கள் நிலத்தை இழந்த மக்களுக்கு மிச்சமிருக்கும் உரிமைகளில் ஒன்றை வைத்து நடக்கும் பேச்சு என்பதால், எனக்கு அதுவே மரியாதையான வழியாகப் படுகிறது.

மதகை விட்டுவிட்டுத் தெருவில் வரியைப் பிடிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கைச் சொல்லியாக வேண்டும். அப்போது அங்கே மாநில வரி 4.35, நகர வரி 1.50. 2014 ஜூலை 17 அன்று ஸ்டேட்டன் தீவில், வரி கட்டாத ஒற்றை சிகரெட்டுகளை விற்றார் என்ற சந்தேகத்தில் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் பிடித்தார்கள். ஒரு போலீஸ்காரர் கழுத்தைப் பிடித்து இறுக்கினார். ‘மூச்சு விட முடியவில்லை’ என்று பலமுறை சொல்லியும் விடவில்லை. அவர் இறந்துபோனார். பிரேத பரிசோதனை அதைக் கொலை என்று பதிவு செய்தது. சில சென்ட் வரிக்காக ஒரு மனிதனின் கழுத்து. வேனில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருபவரிடம் காட்ட வேண்டிய கடுமையை நடைபாதையில் நிற்பவரிடம் காட்டுவது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் முத்திரை, உரிமம், பில் என்ற இந்தச் சலிப்பூட்டும் காகித வேலைகள் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை. அவை ஒழுங்காக நடந்தால் தெருவில் யாரையும் துரத்த வேண்டிய தேவை குறையும்.

இந்த ஏற்பாட்டுக்கு இப்போது வந்திருக்கும் புதிய சோதனை வேப், அதாவது மின்சிகரெட். நிகோடின் உள்ள வேப் பொருட்கள் 2017 முதல் மற்ற புகையிலைப் பொருட்களைப் போலவே விநியோகஸ்தரிடம் வரிக்கு உட்படுகின்றன. அதற்கு மேல் 2022 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியா இன்னொரு வரியைப் போட்டது: சில்லறை விலையில் 12.5 சதவீதம். இதைக் கட்டுபவர் விநியோகஸ்தர் இல்லை. கடைக்காரர்தான் வாடிக்கையாளரிடம் வாங்கி, ரசீதில் தனியாகக் காட்டி, தனிப் பதிவு எடுத்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதாவது வரியை மதகிலிருந்து வயலுக்கே கொண்டுபோய்விட்டார்கள். முத்திரை கிடையாது. எண்ணிப் பார்க்க விநியோகஸ்தரின் சுருள் கணக்கும் கிடையாது. போதாததற்கு 2022 டிசம்பர் 21 முதல் பெரும்பாலான சுவையூட்டிய புகையிலைப் பொருட்களைக் கடையில் விற்கவே தடை வந்துவிட்டது. ஆகவே ஆய்வாளர் ஒரு வேப் டப்பாவைக் கையில் எடுத்தால் வரி கட்டியதா, விற்கவே அனுமதி உள்ளதா என்று இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். 2004-இல் சில்லறை உரிமத்துக்கு ஒரே ஒரு முறை 100 டாலர் கட்டினால் போதும் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பணம் ஆய்வுச் செலவுக்குக் காணவில்லை. மூடிப்போன கடைகளும் பட்டியலில் அப்படியே கிடந்தன. 2017 முதல் அது கடை ஒன்றுக்கு ஆண்டுக்கு 265 டாலர் ஆனது. விநியோகஸ்தருக்கும் மொத்த வியாபாரிக்கும் 1,200 டாலர். 56-ஆம் முன்மொழிவும் வரிப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம் டாலரைச் சட்ட அமலாக்கத்துக்கு என்று ஒதுக்கியது. அதில் பெரும்பகுதி உள்ளூர் அமைப்புகளுக்கு மானியமாகப் போகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றானதும், இன்று எந்தத் தெருவில் எந்தக் கடை புகையிலை விற்கிறது என்ற பட்டியல் உயிரோடு இருக்கத் தொடங்கியது. வேப் வரிக்கு மதகு இல்லாத நிலையில், ஆய்வாளர் காலையில் வண்டியை எடுக்கும்போது கையில் வைத்திருப்பது அந்தப் பட்டியலைத்தான்.